பக்கவாத்தியக்காரர் பெயர் என்ன?

சென்ற மாதம் திண்டிவனத்தில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு மாலை வண்டியில் விழுப்புரம் புறப்பட்டேன். சிநேகிதர் மூன்று தலைமுறையாகத் தவில் வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வாசிப்பை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகியும், வலது கை விரல்களில் கூடு மாட்டி மாட்டி ஏற்பட்ட தழும்பு இன்னும் மாறவில்லை. எழுபது வயதில் அவரை ஒரு பெரிய கவலை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கவலைக்குப் பெயர் பேரன்.

"பையன் படிக்கிறான், படிக்கட்டும். வாத்தியமும் வாசிக்கிறான், அதுவும் சந்தோஷந்தான். ஆனால் என்ன வாத்தியம் தெரியுமோ? டிரம்ஸ்! முப்பாட்டன் காலத்துத் தவில் உறையைப் போர்த்துக்கொண்டு மூலையில் கிடக்கிறது. இவன் காலால் ஒன்றை உதைக்கிறான். கையால் நாலைத் தட்டுகிறான். நடுநடுவே தாம்பாளத்தைக் கீழே போட்டாற்போல் ஒரு சத்தம். உங்களோடுதான் விழுப்புரம் வருகிறான். நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறவர் நீங்கள். வழியில் அவனுக்கு இரண்டு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்றார்.

புத்தி சொல்வதென்றால் எனக்குப் பரம சந்தோஷம். செலவில்லாமல் செய்யக்கூடிய தர்மம் அது ஒன்றுதான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நான்கு நிலையங்கள். நிலையத்துக்கு ஒரு நீதி வீதம் சொன்னாலும் நான்கு நீதிகள் ஆயிற்று. மனத்துக்குள் அவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு, "பாரப்பா, அந்த நாளில் ரயில் வண்டியே தாளம் போடும். தண்டவாளத்தின் மூட்டுக்கு மூட்டு தகதிமி தகதிமி என்று..." என ஆரம்பித்தேன்.

"இப்போ தண்டவாளத்தையெல்லாம் நீளமாப் பற்றவைச்சுட்டாங்க தாத்தா. அந்தத் தாளம் போயிடுச்சு" என்றான் பையன், மிகுந்த மரியாதையோடு. பிறகு சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, காதில் செருகிக்கொள்ளும் சாதனத்தில் ஒன்றை என்னிடம் நீட்டினான். "முதல்ல இதைக் கேளுங்க. விழுப்புரம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

இந்த நிபந்தனை நியாயமாகப் பட்டது. கேட்டேன்.

*

அவன் கேட்கச் செய்தது 'ஸ்பெக்ட்ரம்' என்னும் இசைத்தட்டு. பில்லி காப்ஹம் என்னும் டிரம் வித்வான் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட முதல் தட்டு அது. ஆறு உருப்படிகள், மொத்தம் ஏறக்குறைய 37 நிமிஷங்கள். 1973-ஆம் வருஷம் மே மாதம் 14-ஆம் தேதி முதல் 16-ஆம் தேதி வரை மூன்றே நாட்களில் நியூயார்க் நகரத்தில் பதிவு செய்தார்கள். மூன்றாம் நாள் அந்த வித்வானுக்கு 29 வயது நிறைந்தது. தட்டு வெளியான தேதி அக்டோபர் 1. விழுப்புரத்துக்காரர்களுக்கு அது வேறொரு காரணத்தால் நன்றாகத் தெரிந்த தேதி. அவர்கள் ஊரில் 1928-இல் பிறந்த சிவாஜி கணேசனின் பிறந்தநாளும் அதுவே.

வண்டி திண்டிவனத்தை விட்டதும் முதல் உருப்படி ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வதைவிட, அவிழ்த்து விட்டார்கள் என்று சொல்வது பொருந்தும். இரண்டு கால்களும் கீழே பெரிய டிரம்களை இடைவிடாமல் முழக்க, மேலே இரண்டு கைகளும் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே மனிதர் நான்கு அவயவங்களுக்கும் நான்கு தனி வேலைகளைக் கொடுத்து, நான்கையும் ஒரே கணக்கில் கட்டி மேய்ப்பதைக் காதால் கேட்டேன். இது தாம்பாளம் விழுந்த சத்தமல்ல என்பது மயிலம் வருவதற்குள் விளங்கிவிட்டது.

பேரணி தாண்டியதும் 'ஸ்ட்ராடஸ்' என்னும் நான்காவது உருப்படி வந்தது. நம்முடைய நேயர்கள் கேட்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் சில நிமிஷங்கள் தாளக்கட்டு எதுவுமில்லாமல், மேகம் கவிவதுபோல் ஓசைகள் கூடி வருகின்றன. பிறகு சட்டென்று தாழ்ந்த சுரத்தில் ஒரு கிதார் சிறு சொற்கட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தது பிடித்ததுதான். நிமிஷக்கணக்காக அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. லீலண்ட் ஸ்க்ளார் என்பவர் அதை வாசித்தவர். வடக்கே தபலா வித்வான் தனியாக வாசிக்கும்போது சாரங்கி ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் கணக்குக் காட்டுமல்லவா? அதே முறை. மெட்டு நிலைத்து நிற்கிறது, தாளம் உலவுகிறது. பாட்டுக்காகத் தாளம் என்பது போய், தாளத்துக்காகப் பாட்டு என்று ஆகிவிடுகிறது.

இந்த வகைச் சங்கீதத்தை ஜாஸ் என்றும் ஃபங்க் என்றும் இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த மனோதர்ம சங்கீதம். ஃபங்க் என்பது 1960-களில் ஜேம்ஸ் பிரௌன் முதலியோர் நடனத்துக்காக உருவாக்கிய நடை. அதன் சூக்ஷ்மம் நமக்குப் புதிதல்ல. ஆவர்த்தனத்தின் முதல் அடியில் எல்லா வாத்தியங்களும் அழுத்தமாக வந்து விழ வேண்டும். அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம்போல் இடுக்குகளில் புகுந்து விளையாடலாம். மறுபடியும் முதல் அடிக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். நாம் சமம் என்று சொல்லித் தொடையில் தட்டுகிறோம். அவர்கள் 'ஒன்று' என்று சொல்லித் தலையை ஆட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் வாசனை ஜன்னல் வழியே வந்தபோது கடைசி உருப்படி நடந்துகொண்டிருந்தது. நான்கு நீதிகளில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை.

*

விழுப்புரம் சந்திப்பில் இறங்கியதும் பையன் என்னைத் திட்டச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வந்து நீங்க எழுதினதைப் படிச்சேன். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்திலே பம்பை அடிச்சவரைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தீங்க. ரொம்ப நல்லா இருந்தது. அவர் பேர் என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பத்தியை நேயர்களில் சிலர் ஞாபகம் வைத்திருக்கலாம். இரண்டு உருளை முழவுகளை ஒன்றாக இணைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு குச்சிகளால் முழக்கும் பம்பையைப் பற்றி அதில் எழுதியிருந்தேன். நள்ளிரவில், பல்லாயிரம் ஜனங்களுக்கு நடுவில், ஒரு மனிதர் வர்ணிப்புப் பாட்டுக்கு இடைவெளி விட்டும் நிரப்பியும் வாசித்த அழகைப் புகழ்ந்திருந்தேன். கோயிலின் பெயர் இருந்தது. அம்மனின் பெயர் இருந்தது. போன பஸ்ஸின் தடம்கூட இருந்தது. வாசித்தவரைக் குறிக்க "ஒரு பம்பைக்காரர்" என்னும் இரண்டு சொற்களே இருந்தன. பெயரைக் கேட்க வேண்டுமென்ற எண்ணமே எனக்கு உண்டாகவில்லை. ஒரு பாடகரைப் பற்றி எழுதியிருந்தால், "ஒரு பாட்டுக்காரர் பாடினார்" என்று எழுதியிருப்பேனா?

பையன் குற்றம் சாட்டும் தொனியில் கேட்கவில்லை. அந்த வித்வானைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்னும் ஆசையில் கேட்டான். அதனால்தான் அந்தக் கேள்வி அதிகமாகச் சுட்டது.

*

பக்கவாத்தியக்காரரின் பெயர் மறைந்து போவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. பில்லி காப்ஹமின் கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

அவர் 1944-இல் மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமாவில் பிறந்தவர். குழந்தையாயிருந்தபோதே குடும்பம் நியூயார்க்குக்குக் குடியேறியது. ராணுவ வாத்தியக் கோஷ்டியில் சில வருஷங்கள் வாசித்தார். பிறகு மைல்ஸ் டேவிஸ் என்னும் மகா வித்வானின் பதிவுகளில் வாசித்தார். 1971-இல் ஜான் மக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேய கிதார் வித்வான் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கோஷ்டியை அமைத்தபோது அதன் டிரம் வித்வானானார். மகாவிஷ்ணு என்பது ஸ்ரீ சின்மய் என்ற வங்காளத்துக் குரு மக்லாஃப்லினுக்கு வைத்த பெயர். இவ்வளவு காலமும் காப்ஹம் வாசித்தவையெல்லாம் பிறர் பெயர் தாங்கிய தட்டுக்கள். 'ஸ்பெக்ட்ரம்' தட்டில்தான் முதன்முறையாக அவருடைய பெயர் மேலே வந்தது. பெயர் மட்டுமல்ல, அநேகமாக எல்லா உருப்படிகளையும் அவரே இயற்றினார். அமெரிக்காவில் இசைத்தட்டுக்களின் வரிசையைக் கணக்கிடும் 'பில்போர்டு' பத்திரிகையின் ஜாஸ் பட்டியலில் அது முதலிடத்தை அடைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் முன்னால் வந்தால் ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி வந்தவர்களுக்கு அது ஒரு பதில்.

அவர் வாசித்த வாத்தியத்தின் சரித்திரமும் இதே கதைதான். டிரம்ஸ் என்பது ஒரே வாத்தியமல்ல. அது ஒரு சந்திப்பு. விழுப்புரத்தில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைகளிலிருந்து பாதைகள் வந்து கூடுவதுபோல, அதில் பல தேசங்கள் கூடியிருக்கின்றன. பெரிய டிரம்மும் நரம்பு கட்டிய சிறிய டிரம்மும் ஐரோப்பிய ராணுவத்திலிருந்து வந்தவை. தட்டுத்தாளங்கள் துருக்கியிலிருந்து வந்தவை. நடுவிலுள்ள சிறு முழவுகள் ஆரம்பத்தில் சீனத்திலிருந்து வந்தவை. இவை எல்லாவற்றையும் உயிர்ப்பித்த நடை, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் தந்தது. முன்னே இரண்டு மூன்று பேர் செய்த வேலையை ஒருவரே செய்வதற்காகக் காலால் மிதித்து முழக்கும் கருவியைச் செம்மைப்படுத்தினார்கள். 1909-இல் லட்விக் கம்பெனியார் வெளியிட்ட மிதிகருவி அதில் பேர்போனது. சிறு நாடகக் கொட்டகைகளில் இடமும் குறைவு, சம்பளமும் குறைவு. அந்தக் குறைகளிலிருந்து பிறந்த வாத்தியம் இது.

இன்னொன்றையும் நாம் ஞாபகத்தில் வைக்க வேண்டும். 1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு முழக்கிக்கொண்டு கலகம் செய்தார்கள். அடுத்த வருஷமே, அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாதென்று அங்கே சட்டம் போட்டார்கள். சுதந்திரத்தைப் பற்றி யோசிக்கிறவனின் கையில் முரசு இருப்பது ஆபத்து என்று எஜமானர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தடுக்கப்பட்ட முழக்கம் இரு நூறு வருஷங்களுக்குள் உலகத்தின் பொது நடையாகிவிட்டது. அடிமைத்தளையை அறுத்த ஒரு தேசத்தார் இந்தக் கதையைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை, சந்தோஷப்படலாம்.

ஆனால் முழக்கம் பரவிய அளவுக்கு முழக்கியவரின் பெயர் பரவவில்லை. ஜேம்ஸ் பிரௌனின் கோஷ்டியில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்றொரு டிரம் வித்வான் இருந்தார். 1969-இல் பதிவாகி அடுத்த வருஷம் வெளியான ஒரு தட்டில் அவர் சில விநாடிகள் தனியாக வாசித்தார். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான தட்டுக்களில் அந்தச் சில விநாடிகளையே வெட்டி ஒட்டிப் பாடல்கள் செய்தார்கள். உலகத்தில் அதிகமாக எடுத்தாளப்பட்ட தாளத்துண்டுகளில் அது ஒன்று. பாட்டை இயற்றியவர் என்ற ஸ்தானம் ஸ்டபிள்ஃபீல்டுக்கு இல்லை. ஆகையால் அவற்றிலிருந்து அவருக்குப் பங்கு வரவில்லை. 2017-இல் காலமானார். காப்ஹமின் 'ஸ்ட்ராடஸ்' உருப்படியையும் 1991-இல் 'மாஸிவ் அட்டாக்' என்ற ஆங்கிலேயக் கோஷ்டியார் தங்கள் பாட்டுக்கு எடுத்தாண்டார்கள். அந்தப் பாட்டை இயற்றியவர்களின் வரிசையில் காப்ஹமின் பெயர் சேர்ந்திருக்கிறது. திறமையில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு சொல்ல நான் துணியமாட்டேன். ஒருவர் தம் தட்டைத் தம் பெயரில் எழுதினார். மற்றவர் பிறர் தட்டில் வாசித்தார். வித்தியாசம் அதுதான். பெயர் என்பது வெறும் அலங்காரமல்ல. சில சமயங்களில் அதுவே சாப்பாடு.

*

நம் தேசத்திலும் இப்படித் தம் பெயரை முன்னால் வைத்த ஒருவர் உண்டு. 1951-இல் பம்பாயில் பிறந்த திரிலோக் குர்ட்டு, தும்ரி பாடுவதில் புகழ்பெற்ற ஷோபா குர்ட்டு அம்மையாரின் குமாரர். தபலாவில் தொடங்கி டிரம்ஸுக்குப் போனார். போனவர் தபலாவை விட்டுவிடவில்லை. தரையில் உட்கார்ந்தும் மண்டியிட்டும், தபலாவையும் மேல்நாட்டு முழவுகளையும் சுற்றி வைத்துக்கொண்டு, கண்டாமணியையும் தாளத்தட்டுக்களையும் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி ஓசையை வளைத்து வாசிப்பது அவருடைய பாணி. 1988-இல் வெளியான அவருடைய முதல் தட்டின் பெயர் 'உஸ்ஃப்ரெட்'. ஒரு ஜெர்மானியக் கம்பெனி அதை வெளியிட்டது. அதில் அமெரிக்க ஜாஸ் வித்வான் டான் செர்ரி வாசித்திருக்கிறார். நம் சென்னையில் பிறந்த பிடில் வித்வான் எல். சங்கர் வாசித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஷோபா குர்ட்டு அம்மையாரே பாடியிருக்கிறார். ஓர் உருப்படிக்கு அந்த அம்மையாரின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார் மகன். தட்டின் மேல் தம் பெயர். பாட்டின் மேல் தாயின் பெயர். தனக்குப் பெயர் தேடுகிறவன் தன்னைப் பெற்றவளின் பெயரை மறக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. காப்ஹம் வாசித்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா கலைந்தபின் அதே மக்லாஃப்லின் நம் பக்கம் திரும்பினார். அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் வீணை கற்ற அவர், எல். சங்கரோடும் தபலா வித்வான் ஜாகிர் ஹுசேனோடும் 'சக்தி' என்ற கோஷ்டியை அமைத்தார். 1975-இல் பதிவான அதன் முதல் தட்டில் கடம் வாசித்தவர் டி. எச். விநாயக்ராம், மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரம் ராகவன். முன்னே காப்ஹமின் பெரிய டிரம்கள் இருந்த இடத்தில் நம் மண்பானை வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து ஈடு கொடுத்தது. விநாயக்ராமுக்கு 2014-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. சென்னை டிரம் வித்வான் சிவமணிக்கு 2019-இலும், மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இலும் பத்மஸ்ரீ கிடைத்தன.

இவற்றைக் கண்டு மகிழும்போதே கணக்கையும் பார்க்க வேண்டும். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்கு வந்தது 1966-இல். பெற்றவர் பாலக்காடு மணி அய்யர். அதுவரையில் அந்த மேடையில் தாளம் இல்லாமலா பாடினார்கள்? கச்சேரி மேடையில் உட்கார்ந்த மிருதங்கத்துக்கே இத்தனை காலம் ஆயிற்று என்றால், மேடையே இல்லாத பம்பைக்கும் பறைக்கும் எத்தனை காலம் ஆகும்? சாவு வீட்டில் பறையடிப்பதை ஒரு ஜாதியாரின் கட்டாயக் கடமையாக்கி, அதையே சொல்லி அவர்களை இழிவும் படுத்தினோம். அதனால் பறையைக் கீழே வைப்பதே மானம் என்று பலர் வைத்துவிட்டார்கள். அதே பறையை விடுதலையின் குரலாக மறுபடி கையில் எடுத்தவர்களும் உண்டு. இரு சாராரும் கேட்பது ஒன்றுதான்: எங்களைக் கூப்பிடுவதானால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்போது இது வெறும் மரியாதைப் பேச்சும் அல்ல. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1994-இல் செய்த திருத்தத்தால் நிகழ்த்துகிறவர்களின் உரிமை அதில் இடம் பெற்றது. 2012-இல் செய்த திருத்தம் அதற்குமேல் ஒரு படி சென்றது. ஒரு நிகழ்ச்சியின் பதிவை வெளியிடும்போது, நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிக்கப்பட வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. வியாபாரத்துக்குப் பயன்பட்டால் பங்கு கேட்கவும் உரிமை உண்டு. சட்டம் வாத்தியத்துக்கு வாத்தியம் வித்தியாசம் பார்க்கவில்லை. ஆனால் இன்று திருவிழாக்களில் ஆயிரம் பேர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். அதில் எத்தனை படங்களின் கீழே பம்பை வாசித்தவரின் பெயர் இருக்கிறது? ஊர் பெயர் இருக்கிறது. சாமி பெயர் இருக்கிறது. படம் பிடித்தவர் பெயர் கட்டாயம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பேனாவால் செய்ததை அவர்கள் கைப்பேசியால் செய்கிறார்கள்.

*

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போனேன். கூடப் பையனும் வந்தான். கூட்டத்தில் தேடி அலைந்து, விடியற்காலை தேநீர்க் கடை வாசலில் அந்தப் பம்பைக்காரரைக் கண்டுபிடித்தோம். பம்பையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, தோலில் படிந்த பனி ஈரத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்கள் வாசிப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன். பெயர் கேட்காமல் எழுதிவிட்டேன். தவறு. இப்போது சொன்னால் அடுத்த முறை போட்டுவிடுகிறேன்" என்றேன்.

அவர் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரையும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். மூன்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு சற்று யோசித்துவிட்டு, "பேப்பர்ல போட வேணாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க. பேப்பர்ல என் பேரு வந்தா, படிக்கறவங்களுக்கு யாரோ ஒருத்தன்னுதானே தெரியும்? நான் அடிக்கறதைக் கேட்டவங்களுக்குப் பேரு தெரியாது. பேரைப் படிக்கறவங்களுக்கு அடிக்கறது கேக்காது. ரெண்டும் ஒண்ணா வரணுங்க. அடிக்கறதைப் பதிவு பண்ணுங்க. அதுமேல பேரைப் போடுங்க. எங்க அப்பா பேரையும் போடுங்க."

காப்ஹமும் குர்ட்டுவும் தட்டுப் போட்டுச் சாதித்ததை அவர் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

பையன் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தன்னிடம் பதிவு செய்யும் கருவி இருக்கிறதென்றும், சிநேகிதர்கள் இருவர் உதவுவார்களென்றும், தானும் கூட வாசிக்கலாமா என்றும் கேட்டான். "நீ என்ன வாசிப்பே தம்பி?" என்றார் அவர். "டிரம்ஸ்" என்று சொல்லச் சிறிது தயங்கி, "வீட்டிலே தவிலும் இருக்குதுங்க" என்றான்.

"எடுத்துக்கிட்டு வா. ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா" என்றார் பம்பைக்காரர்.

திண்டிவனத்துச் சிநேகிதருக்கு இத்துடன் ஒரு விண்ணப்பம்: தாங்கள் சொன்னபடி பேரனுக்குப் புத்தி சொல்ல நான் பிரயாணம் செய்தேன். ரயிலில் புத்தி வந்தது வாஸ்தவந்தான். ஆனால் வந்த இடம் வேறு. மூலையிலுள்ள தவிலின் உறையைக் கழற்றி, வாரை இறுக்கி வையுங்கள். அடுத்த அமாவாசைக்கு அது மேல்மலையனூர் போக வேண்டும்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த வருஷம் முழவு கேட்டால், காசு கொடுக்கும்போது பெயரையும் கேளுங்கள். கேட்டதைப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சொல்லுங்கள். மேல்மலையனூர்ப் பதிவு முடிந்ததும் அந்த மூன்று பெயர்களையும் இதே பக்கத்தில் அச்சிடுவேன். அதுவரையில் அவை என் குறிப்புப் புத்தகத்தில் கடன் கணக்கில் இருக்கின்றன.